அபாயச் சங்கு

எங்கள் ஊரில் சேவல் கூவிப் பொழுது விடிந்தது என்று நான் எழுதினால் அது பொய். நகராட்சிக் கட்டடத்து மொட்டைமாடியில் இருந்த சங்கு ஊதித்தான் விடிந்தது. காலை 5 மணிக்கு ஒரு தரம், 9 மணிக்கு ஒரு தரம், பகல் 12 மணிக்கு ஒரு தரம், இரவு 8 மணிக்கு ஒரு தரம். ஐந்து மணிச் சங்குக்கு அம்மா வாசல் தெளிக்கப் போவாள். எட்டு மணிச் சங்குக்குள் நான் வீடு வந்து சேராவிட்டால் அப்பா வாசலில் நிற்பார். கைக்கடிகாரம் கட்டியவர்கள்கூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

அது சங்கு அல்ல, ஸைரன் என்ற யந்திரம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நம்மவர்கள் அதற்குச் சங்கு என்று பெயர் வைத்ததில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. கோயிலிலும் சங்கு ஊதுகிறோம்; சாவிலும் சங்கு ஊதுகிறோம். யுத்தகளத்தில் ஊதிய சங்கைப் பற்றி நமக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதற்கும் கெட்டதற்கும் ஊரைக் கூட்டுகிற ஓசை எதுவோ அதுவே சங்கு. ஆகவே யுத்த காலத்தில் ஆகாய விமானத் தாக்குதலை அறிவிக்க இந்த யந்திரம் வந்தபோது, அகராதியைப் புரட்டாமலே ‘அபாயச் சங்கு’ என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சங்கு எந்த நாள் நின்றது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. தினமும் கேட்ட ஓசை நின்றுபோனதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோம். எல்லார் சட்டைப் பையிலும் மணி சொல்லும் டெலிபோன் வந்துவிட்டது அல்லவா? அதை மறுபடி எனக்கு ஞாபகப்படுத்தியது 2025-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி. அன்று நாட்டில் 244 சிவில் பாதுகாப்பு மாவட்டங்களில் யுத்த கால ஒத்திகை நடத்தும்படி மத்திய சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. நம் பக்கத்தில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடந்தது. டெலிவிஷனில் ஸைரன் ஓசை எழுந்ததும் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓடிவந்து, “மாமா, இது எதுக்கு ஊதுது?” என்று கேட்டான். நான் அந்த வயதில் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு எல்லாச் சங்கின் அர்த்தமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நகராட்சியில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சியைத் தேடிப் போனேன். சங்கை முப்பது வருஷம் ஊதியவர் அவர்தான்.

“தம்பி, நல்ல சமயத்தில் வந்தீர்கள். அதைக் கீழே இறக்கிக் குப்பைக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். ஏலத்துக்குப் பட்டியல் எழுதியாகிவிட்டது” என்றார்.

கிடங்கில் உடைந்த குழாய்களுக்கும் பழைய சோடியம் விளக்குக் கூண்டுகளுக்கும் நடுவில் அது கிடந்தது. பட்டியலில் அதற்குப் பெயர்கூட இல்லை. ‘பழைய மோட்டார், 1’ என்று எழுதியிருந்தார்கள். அதுதான் மனசை உறுத்தியது. ஒரு பொருளுக்குப் பெயர் போய்விட்டால் அப்புறம் எடை ஒன்றுதான் மிஞ்சுகிறது.

முதலில் அது இன்னது என்று நிச்சயம் செய்யவேண்டியிருந்தது. பஞ்சாலைகளில் நீராவியால் ஊதியதையும் சங்கு என்கிறோம். கப்பலில் ஊதுவதையும் சங்கு என்கிறோம். நீராவிச் சங்கு புல்லாங்குழலுக்கு அண்ணன் முறை. குழலின் வாயில் பட்டு ஆவி அதிர்வதால் ஓசை பிறக்கிறது. ஸைரன் அப்படி அல்ல. அது காற்றைத் துண்டு துண்டாக வெட்டுகிற யந்திரம். ஓர் உருளை அசையாமல் நிற்கும். அதைச் சுற்றிலும் ஜன்னல்கள். அதற்குள்ளே இன்னோர் உருளை சுழலும். அதற்கும் அத்தனை ஜன்னல்கள். சுழலும் உருளை உள்ளே இருக்கும் தகடுகளால் காற்றை இழுத்து வெளியே தள்ளும். ஜன்னலுக்கு நேரே ஜன்னல் வந்தால் காற்று வெளியேறும். சுவருக்கு நேரே வந்தால் அடைபடும். இப்படி விநாடிக்கு நூற்றுக்கணக்கான தரம் அடைபட்டும் திறந்தும் வருகிற காற்றுத்தான் நாம் கேட்ட அலறல்.

நான் விஞ்ஞானி அல்ல. கல்லூரிப் படிப்பைக்கூட முடித்தவன் அல்ல. ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிகிறது. விநாடிக்கு எத்தனை சுற்று, உருளைக்கு எத்தனை ஜன்னல், இரண்டையும் பெருக்கினால் சுருதி வந்துவிடும். பழைய ஸைரனை அடையாளம் காண விரும்புகிறவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை ஜன்னலை எண்ணுவது. நானும் அண்ணாச்சியும் குந்தி உட்கார்ந்து எண்ணினோம். மோட்டாரின் இரண்டு பக்கமும் உருளை இருந்தது. ஒரு பக்கம் 12 ஜன்னல், மறுபக்கம் 10.

மோட்டார் நிமிஷத்துக்கு 2,850 சுற்றுச் சுற்றும் என்றார் அண்ணாச்சி. விநாடிக்கு நாற்பத்தேழரை. அப்படியானால் ஒரு பக்கம் 570 அதிர்வு, மறுபக்கம் 475. பிரிட்டனில் இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஊரெல்லாம் பொருத்திய இரட்டைச் சுருதி ஸைரன்களின் கணக்கும் இந்தப் பன்னிரண்டும் பத்துமே. ஆறுக்கு ஐந்து என்ற விகிதம். வீட்டுக்கு வந்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் விசாரித்தேன். “ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம்” என்றார். லண்டன் நகரத்து ஜனங்களைப் பாதாள ரயில் நிலையங்களுக்குள் ஓட ஓட விரட்டிய ஓசைக்கு நம்முடைய சங்கீதத்தில் சாதாரணம் என்று பெயர்!

இரண்டாவது வேலை பெயர்த் தகட்டைப் பார்ப்பது. எங்கள் சங்கின் தகட்டின்மேல் ஐந்தாறு தரம் பச்சைச் சாயம் பூசியிருந்தார்கள். எனக்கு அவசரம், கத்தியால் சுரண்டப் போனேன். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். “சுரண்டினால் எழுத்தும் போகும்” என்று சொல்லி, சாயம் கரைக்கும் திரவத்தில் துணியை நனைத்து அரை மணி நேரம் ஒத்திக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல ‘ஜென்ட்’ என்றும் ‘லெஸ்டர்’ என்றும் எழுத்துத் தெரிந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கம்பெனி அது. மணிக்கூண்டுக் கடிகாரங்களும் மின்சார மணிகளும் செய்தவர்கள், ஸைரனும் செய்தார்கள். கடிகாரக்காரர்கள் செய்த அபாயச் சங்கு கடைசியில் எங்கள் ஊருக்குக் கடிகாரமாகவே உழைத்தது.

இந்த யந்திரத்தின் பூர்வ கதையும் வேடிக்கையானது. குழாயில் போகும் காற்றை அடைத்துத் திறந்து ஓசை எழுப்பலாம் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ராபிஸன் கண்டுபிடித்தார். அவர் நினைத்தது சங்கீதத்துக்கு. 1819-ல் பிரெஞ்சுக்காரரான கன்யார் த லா தூர் துளையிட்ட தட்டு ஒன்றைச் சுழலவிட்டு அதைச் செம்மைப்படுத்தினார். அவருடைய யந்திரம் தண்ணீருக்குள்ளும் பாடியது. ஆகவே கிரேக்கக் கதைகளில் கடல் நடுவே பாடி மாலுமிகளை மயக்கிய மோகினிகளின் பெயரை அதற்கு வைத்தார். அந்த மோகினிகள் ஆபத்தை நோக்கி வா என்று கூப்பிட்டவர்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய யந்திரமோ ஆபத்தை விட்டு ஓடு என்று கத்துகிறது. அவர்கள் வைத்த பெயரும் கடலிலிருந்து வந்தது, நாம் வைத்த பெயரும் கடலிலிருந்து வந்தது. நம்முடையது பொருத்தமாகவும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஸைரனுக்கு ஒரே ஒரு பொத்தான்தான். மின்சாரத்தைக் கொடுத்தால் உருளை வேகம் பிடிக்கும். ஓசை கீழிருந்து மேலே ஏறும். நிறுத்தினால் வேகம் குறையும், ஓசை இறங்கும். கொடுத்தும் நிறுத்தியும் மாற்றி மாற்றிச் செய்தால் ஏறி இறங்கி அழுகிற ஓசை. அதற்கு அர்த்தம் ‘ஆபத்து வருகிறது’. நிறுத்தாமல் விட்டால் ஒரே சீரான ஓசை. அதற்கு அர்த்தம் ‘ஆபத்து நீங்கியது’. இந்த யந்திரத்துக்குத் தெரிந்தது இந்த இரண்டே வாக்கியங்கள். நகரம் முழுவதும் உயிரோடு இருப்பது இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி காலை 11.15-க்கு பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் ரேடியோவில் யுத்தப் பிரகடனம் செய்தார். சில நிமிஷங்களுக்குள் லண்டனில் அபாயச் சங்கு அலறியது. எதிரி விமானம் எதுவும் வரவில்லை. நம் சென்னைக்கும் அந்த அனுபவம் உண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து குண்டு வீசியபோது பட்டணத்தை எச்சரிக்க எந்தச் சங்கும் இல்லை. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தில்தான் ஜனங்களுக்குச் சங்கதி தெரிந்தது. 1942-லோ எச்சரிக்கை முந்திக்கொண்டது. சிங்கப்பூர் விழுந்துவிட்டது, ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள், அடுத்தது சென்னை என்று பட்டணமே காலியாயிற்று. சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. கூண்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிச் சாலையின் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில் குண்டு விழவில்லை. 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று.

அபாயச் சங்கின் கஷ்டம் இதுதான். வராத ஆபத்துக்கு ஊதினால் ஜனங்கள் அடுத்த தரம் அசையமாட்டார்கள். வருகிற ஆபத்துக்கு ஊதாவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள். ஊதியும் அர்த்தம் புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயித் தீவின் ஹிலோ நகரத்தைச் சொல்லவேண்டும். 1960 மே மாதம் 22-ஆம் தேதி தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் மகா பூகம்பம். அங்கே எழுந்த கடல் அலை பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வர மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஹிலோவில் இரவு எட்டரை மணி சுமாருக்கே ஸைரன் ஊதினார்கள். பேரலை வந்தது நள்ளிரவு 1 மணிக்குப் பிறகு. நாலரை மணி நேரம்! ஆனாலும் 61 பேர் மாண்டார்கள். முன்பு அங்கே பல தரம் ஊதும் வழக்கம் இருந்தது. சற்று முன்னால் அதை மாற்றி, ஒரு தரம் ஊதினாலே ஓடவேண்டும் என்று விதித்திருந்தார்கள். மாற்றியது அதிகாரிகளுக்குத் தெரியும். ஜனங்களில் பலர் இன்னொரு சங்குக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஹவாயில் 2023 ஆகஸ்டு 8-ஆம் தேதி லஹைனா நகரம் தீப்பிடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது ஸைரனை ஊதவே இல்லை. பேரலை என்று நினைத்து ஜனங்கள் மலைப் பக்கம், அதாவது நெருப்பை நோக்கி, ஓடியிருப்பார்கள் என்று பிறகு காரணம் சொன்னார்கள். அது சரியா தப்பா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. யந்திரம் நல்ல நிலையில் இருந்தும், அது பேசுகிற பாஷை ஊருக்கும் அதிகாரிக்கும் பொதுவாக இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு என்பதை மட்டும் கவனிக்கவேண்டும்.

நம் தேசத்துக் கதை இதைவிடக் கொடியது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஊருக்குக் கேட்கும் சங்கு ஒலித்தது. சில நிமிஷங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆலைக்குள் மட்டும் ஊதிக்கொண்டு வெளியே ஊதுவதை நிறுத்த வசதியாக முன்பே இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். ஊருக்காக அது மறுபடி அலறியபோது இரவு 2 மணி கடந்துவிட்டது. அதற்குள் வாயு குடிசைகளுக்குள் புகுந்து, ஜனங்கள் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகுதான், 2025 மே மாதம் சர்க்கார் ரேடியோ, டெலிவிஷன்காரர்களுக்கு அனுப்பிய ஓர் அறிவுரையின் அருமை எனக்குப் புரிந்தது. நிகழ்ச்சிகளில் பரபரப்புக்காக அபாயச் சங்கின் ஓசையைப் போடாதீர்கள், காது பழகிவிட்டால் உண்மையான ஆபத்தில் ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓசைக்கு இருக்கும் அர்த்தத்தையும் பழைய சிலையைப்போலக் காப்பாற்றவேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் அபாயச் சங்குகளைப் பனிப்போர் காலத்திலும் வைத்திருந்தார்கள். மின்சாரத்தால் ஓடுகிறவை மட்டும் சுமார் 7,000. 1990-களின் ஆரம்பத்தில் அந்த ஏற்பாட்டைக் கலைத்து, பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள். அங்கே பொழுதுபோக்காக இதைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் உண்டு. 1952-ல் கிரைஸ்லர் கம்பெனி 180 குதிரைச் சக்தி எஞ்சின் வைத்து ஒரு ராட்சச ஸைரன் செய்தது; அதைக்கூடச் சிலர் துருவெடுத்து ஓடவைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் மொட்டைமாடியில் இன்னும் துருப்பிடித்துக்கொண்டிருப்பவை எத்தனையோ இருக்கலாம். வாசகர்கள் யாராவது பார்த்தால் அண்ணாச்சி எனக்குச் சொன்னதை அப்படியே செய்யவேண்டும். உடனே சாயம் பூசாதீர்கள். உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். சுழலும் உருளைக்கும் நிற்கும் உருளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. துருவோ குருவிக்கூடோ அடைத்திருந்தால் மோட்டார் எரியும். வார்ப்பில் விரிசல் இருந்தால் முழு வேகத்தில் உருளை சிதறி ஆளைக் கொல்லும். கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஜன்னலை எண்ணுங்கள். தகட்டைப் படம் எடுங்கள். முக்கியமாக, அதை ஊதியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள்.

எங்கள் சங்கை நூலக வாசலில் வைக்கும்படி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். சம்பந்தப்பட்டவர் மரியாதையாகவே பேசினார். “இதில் என்ன சார் விசேஷம்? எடை போட்டால் என்ன தேறுமோ அதுதான்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர் அதை ஒரு நாளும் கேட்டவர் அல்ல. கடைசியில் ஏலத்தில் பழைய இரும்புக்காரரோடு போட்டி போட்டு நானும் அண்ணாச்சியுமாக அதை எடுத்தோம். என் ஒரு மாதத்து எழுத்துக் கூலி போயிற்று. வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுதவேண்டியதில்லை.

இப்போது அது எங்கள் வீட்டுப் பின்கட்டில், முன்பு மாடு கட்டிய இடத்தில், மரச்சட்டத்தின்மேல் இருக்கிறது. மோட்டார் ஓடும் என்று அண்ணாச்சி சொல்கிறார். ஓட்டவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஊரைப் பொய்யாகக் கூப்பிட எங்களுக்கு என்ன அதிகாரம்? பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்தால் உருளையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றவிடுவார் அண்ணாச்சி. தூரத்தில் எருமை கத்துவதுபோல ஓர் உறுமல் எழுந்து அடங்கும். அந்தமட்டும் போதும்.

அதன் கழுத்தில் கட்டி வைப்பதற்கு ஓர் அட்டை எழுதினேன். கம்பெனியின் பெயர், ஜன்னல் கணக்கு, தினசரி ஊதிய நேரங்கள், பிறகு இரண்டு வாக்கியங்கள்: ஏறி இறங்கினால் ஆபத்து, சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ஒன்றை விட்டுவிட்டீர்களே, தம்பி.”

“என்ன அண்ணாச்சி?”

“முதல் சங்கு ஓய்ந்ததுக்கும் இரண்டாவது சங்கு ஊதுவதுக்கும் நடுவில் சத்தமே இருக்காதே, அதை எழுதவில்லையே. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு என் மேஸ்திரி முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். சங்கு நின்றுவிட்டது என்றால் ஆபத்து நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரண்டாவது சங்கு கேட்கிற வரைக்கும் யாரும் வெளியே வரக்கூடாது.”

எனக்குப் போபால் ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்து, இரண்டு வரிக்கும் நடுவில் அதையும் எழுதினேன்.